உப்புக்கடவுக்குக் கதவு வேண்டாம்

கவுன்சிலராக ஜெயித்து இரண்டு மாதம் ஆகியும் கற்பகம் கவுன்சிலர் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

கொச்சியில் கொச்சங்காடி முக்கில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது வார்டு அலுவலகம். ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். சுழல் நாற்காலியில் அவள் கணவன் மாரிச்செல்வம் இருப்பான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள். வருகிறவர்கள் படி ஏறும்போதே "செல்வன் சேட்டா" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, ஓடை அடைத்துக்கொண்டது, பென்ஷன் நின்றுவிட்டது. அவன் கேட்பான், போன் போடுவான், ஒருவரைத் திட்டுவான், இன்னொருவரைச் சமாதானம் செய்வான். கடைசியில் காகிதம் அவள் பக்கம் நகரும். அவள் கையெழுத்துப் போடுவாள்.

அதில் அவளுக்கு அப்போது பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. மாரிச்செல்வம் இந்த வார்டுக்காகப் பல வருஷம் ஓடியவன். எம்-சாண்டும் சிமெண்டும் சப்ளை செய்வது தொழில் என்றால் கட்சி வேலை அவனுக்கு உயிர். வேலியேற்றத்தில் கடல் தண்ணீர் வீடுகளுக்குள் வரும் நாட்களில் முட்டளவு தண்ணீரில் நின்று மூட்டை தூக்கியவன். இந்த முறை சீட்டு அவனுக்கென்று பேச்சாகியிருந்தது. ஆனால் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. கட்சி உள்ளூர் செயலாளர் ஜோசி வீட்டுக்கு வந்து சாயா குடித்துக்கொண்டே, "பெயர் கற்பகம் சேச்சியுடையது, வேலை செல்வனுடையது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கற்பகமும் சிரித்தாள்.

அவள் தோப்பும்படியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். டோக்கன் கொடுப்பதும் பெயர் கூப்பிடுவதும் வேலை. போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கிய ஒருவரையும் வரிசையில் உட்கார வைத்தவள் என்று அங்கே அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பெற்றோர் திருநெல்வேலிப் பக்கமிருந்து கிடங்கு வேலைக்கு வந்தவர்கள். இவள் பிறந்தது மட்டாஞ்சேரியில், படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் வீட்டில் பேசுவதற்கு, எழுதுவதெல்லாம் மலையாளம்.

ஒரு காலை ஜமீலா அலுவலகத்துக்கு வந்தாள். காயல் படித்துறையான உப்புக்கடவில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவள். தேர்தலில் எதிர்க்கட்சிக்காக வீடு வீடாகப் போனவள். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"செல்வன் சேட்டா, உப்புக்கடவுச் சந்துக்குக் கேட் போடப் போறதா ஒரு பேச்சு நடக்குதே. உள்ளதா?"

"யாரு சொன்னது?" மாரிச்செல்வம் சிரித்தான். "அதொக்க சும்மா கிளப்பி விடுறது ஜமீலாத்தா. ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாருங்க."

ஜமீலா கற்பகத்தைப் பார்த்தாள். கற்பகம் தலையை ஆட்டினாள். கணவன் சொன்னது உண்மை என்றே அவள் நினைத்தாள்.

மறுநாள் மாரிச்செல்வம் எறணாகுளம் பிராட்வேக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். கற்பகம் தனியாக இருந்தபோது ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு இனிப்புப் பெட்டி. பஜார் ரோட்டில் பழைய மஞ்சள் கிடங்கை வாங்கி ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்த கம்பெனியின் மேலாளர் என்று சொல்லிக்கொண்டார். பெயர் வெங்கிடேஷ்.

"மேடம் தமிழாக்கும், இல்லையா? நானும் தமிழ்தான். திருப்பூணித்துறை. தாத்தா காலத்துல பாலக்காட்டுலேந்து வந்தவா நாங்க. கவுன்சிலர் நம்ம பாஷைக்காரின்னு கேட்டதும் எனக்கு ரொம்ப சந்தோஷமாயிடுத்து."

அவள் உட்காரச் சொன்னாள். அவர் இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தார்.

"உப்புக்கடவு விஷயத்துல செல்வன் சார் ரொம்ப சகாயம் பண்றார். நேர்ல பார்த்து உங்களுக்கும் ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன விஷயம்?"

அவர் விளக்கினார். பஜார் ரோட்டிலிருந்து காயலுக்கு இறங்கும் அந்தச் சந்து வழியை மாநகராட்சி ஹோட்டலிடம் பராமரிப்புக்குக் கொடுக்கும். ஹோட்டல் கல் பதிக்கும், விளக்குப் போடும், செடி வைக்கும். மாநகராட்சிக்குச் செலவே கிடையாது. "ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு கேட். கெஸ்ட்டோட பாதுகாப்புக்கு. ராத்திரி மட்டும் பூட்டுவோம்."

"பகல்ல?"

"பகல்ல யார் வேணா வரலாம் போகலாம். செக்யூரிட்டிகிட்ட பேரைச் சொன்னாப் போறும்."

"எந்தத் தெருவுலங்க பேரச் சொல்லிட்டு நடக்கறோம்?"

வெங்கிடேஷ் புன்னகை செய்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தனக்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்ய நினைப்பவர். "நீங்கள் ஒண்ணும் யோஜிக்க வேண்டாம் மேடம். எல்லாம் சார்கிட்ட பேசி முடிச்சாச்சு. கல்லு பதிக்கற வேலை முழுக்க சாருக்குத்தான். உங்களுக்குச் சொல்லலையா?"

கற்பகம் இனிப்புப் பெட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இத எடுத்துட்டுப் போங்க. சந்து விஷயம் வார்டு சபையில பேசலாம். நீங்களும் வாங்க."

அன்று சாயங்காலம் மாரிச்செல்வம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"உப்புக்கடவுல கல்லுப் பதிக்கற வேல உங்களுக்கா அத்தான்?"

அவன் திரும்பிப் பார்த்தான். மறைக்கவில்லை. "ஆமா. அதுக்கென்ன?"

"நான் கவுன்சிலரு. என் வீட்டு ஆளு அந்த வேலய எடுக்கலாமா?"

"மாநகராட்சி வேலய எடுக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? இது ஹோட்டல்காரன் வேல. அவன் காசு, அவன் கல்லு. எந்தச் சட்டத்துலயும் இது தப்புன்னு இல்ல. ஜோசி சேட்டன் வக்கீல்கிட்டயே கேட்டாச்சு."

"தப்பு இல்லன்னா ஜமீலாத்தாட்ட ஒண்ணுமில்லன்னு ஏன் சொன்னீங்க?"

அவன் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"இந்தா பாரு. அந்தச் சந்து கெடக்கற கெடப்ப நீ பாத்தியா? குப்ப, மீன் வாட, இருட்டு. ஒருத்தன் சொந்தச் செலவுல நல்லாக்கித் தாரேங்கான். வேண்டாம்னு சொல்லணுமா? வார்டு சபையில கடைசியா 'இதர விஷயங்கள்'னு ஒண்ணு வருமில்ல, ஜனங்க சாயா குடிச்சுட்டு எறங்கினப்புறம் அதுல வச்சு முடிச்சிரலாம். ரெண்டு நிமிஷ வேல."

"நல்ல காரியம்னா அத ஏன் ஜனங்க போனப்புறம் செய்யணும்?"

"ஏட்டி, நீ என்ன வக்கீலா?" அவன் குரல் ஏறியது. "போஸ்டர் ஒட்டினது நானு. அடி வாங்கினது நானு. பெண் வார்டுன்னு ஆக்கிட்டான், இல்லன்னா அந்தப் பேரு என் பேருட்டி. ஞாபகம் வச்சுக்கோ."

"ஓட்டு மிஷின்ல இருந்தது என் பேருதான அத்தான்?"

அவன் சாப்பிடாமல் வெளியே போனான்.

கற்பகத்துக்கு அன்று கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஜமீலா முகத்துக்கு நேராகத் தான் தலையாட்டியது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தனக்குத் தெரியாது என்பது ஒரு சமாதானமாக அவளுக்குப் படவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதுதானே தன் வேலை? கையெழுத்துப் போடும்போது ஒரு காகிதத்தையாவது முழுதாக வாசித்திருக்கிறோமா?

காலையில் அவள் உப்புக்கடவுக்கு நடந்தாள். இரண்டு கிடங்குச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஆட்டோ நுழையும் அகலத்தில் சந்து. சுக்கு மூட்டைகளின் காரம் மூக்கில் ஏறியது. நீரில் இறங்கும் படிகளில் வள்ளங்கள் கட்டியிருந்தன. வைப்பின் தீவுப் பக்கமிருந்து வந்தவர்கள் மீன் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாரிச்செல்வம் சொன்னதும் பொய்யில்லை. ஓரத்தில் குப்பை இருந்தது. ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதிலும் விளக்கு இல்லை.

ஜமீலா கூடையைத் தலையில் ஏற்றும்போது அவளைப் பார்த்துவிட்டாள். "என்னா, கவுன்சிலர் இன்னைக்குத் தனியா?"

"அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது சரியில்ல ஜமீலாத்தா. கேட் போடற யோசனை இருக்கு. ஞாயித்துக்கிழம வார்டு சபைக்கு வாங்க. இங்க எறங்குறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

ஜமீலா கூடையை மறுபடி கீழே வைத்தாள். சந்தேகமாகப் பார்த்தாள். "நான் உனக்கு ஓட்டுப் போடல. தெரியுமில்ல?"

"தெரியும். போடாதவங்களுக்கும் நான்தான் கவுன்சிலர்."

"உன் மாப்ளைக்குத் தெரியுமா நீ இங்க வந்தது?"

"அவரு கேட்டா சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமை அரசுப் பள்ளிக் கூடத்தில் வார்டு சபை. வழக்கமாக முன்வரிசை மட்டும் நிறையும். அன்று ஜன்னலோரம் வரை ஆட்கள் நின்றார்கள். மீன் கூடைக்காரர்கள், சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், ஹோட்டல்களில் வேலை செய்யும் தமிழ்ப் பையன்கள். முன்வரிசையில் வெங்கிடேஷ் ஒரு கோப்புடன் உட்கார்ந்திருந்தார். மேடையில் மாநகராட்சி அலுவலர், அவருக்கு இந்தப் பக்கம் ஜோசி, அந்தப் பக்கம் மாரிச்செல்வம். கற்பகத்துக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அவள் அதில் உட்காரவில்லை. கணவன் அருகே போய்க் குனிந்து தமிழில் சொன்னாள்.

"அத்தான், கீழ போய் உக்காருங்க."

"என்னது?"

"மேடை தலைமை தாங்குறவங்களுக்கும் அதிகாரிக்கும். நீங்க வார்டுக்காரரு. கீழதான் எடம்."

மாரிச்செல்வம் அசையவில்லை. ஜோசி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "சேச்சி, செல்வன் இல்லாம கூட்டம் எப்படி நடக்கும்? நேரமாச்சு, ஆரம்பிங்க."

கற்பகம் மைக்கை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மலையாளத்தில் பேசினாள்.

"இந்தச் சபைக்குத் தலைமை நான். மேடையில என்கூட ரெண்டு பேர் இருக்காங்க, அவங்க எதுக்கு இருக்காங்கன்னு எனக்குத் தெரியல. ஒருத்தர் என் வீட்டுக்காரர். அவருக்கு இந்த வார்டுல ஓட்டு இருக்கு, அதனால கீழ உக்காந்து எல்லாரையும் மாதிரி பேசலாம். இன்னொருத்தர் ஜோசி சேட்டன். அவருக்குப் பக்கத்து வார்டுலதான் ஓட்டு. அவரும் கீழ உக்காரலாம். கேக்கலாம். பேச முடியாது."

பின்னால் யாரோ பலமாகச் சிரித்தார்கள். ஜோசியின் முகம் சிவந்தது. "நல்லதுக்கில்ல சேச்சி" என்று மைக்கில் விழாதபடி சொல்லிவிட்டு எழுந்தான். மாரிச்செல்வம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபத்தைவிட, தெரியாத ஒருத்தியைப் பார்க்கும் திகைப்புதான் இருந்தது. பிறகு அவனும் எழுந்து மேடையின் பக்கப்படி வழியாக இறங்கினான். முன்வரிசையில் இடம் இருந்தும் போய்ச் சுவரோரம் நின்றான்.

"முதல் விஷயம் உப்புக்கடவுச் சந்து" என்றாள் கற்பகம்.

அலுவலர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "அது கடைசியில அல்லவா..."

"முதல்ல எடுக்கறேன் சார். எல்லாரும் இருக்கும்போதே பேசணும்." அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். இந்தத் திட்டம் நடந்தா அதுல கல்லுப் பதிக்கற வேல என் வீட்டுக்காரருக்குன்னு பேசியிருக்காங்க. அது எனக்குப் போன வாரம்தான் தெரியும். உங்களுக்கு இப்பத் தெரியணும். அதனால இந்த விஷயத்துல நான் எந்தப் பக்கமும் கை தூக்க மாட்டேன். யார் என்ன சொல்றாங்கன்னு கேட்டு, நீங்க சொல்றத எழுதி அனுப்பறது மட்டும்தான் இன்னைக்கு என் வேல."

கூடத்தில் ஒரு இரைச்சல் கிளம்பியது. அது அடங்கச் சற்று நேரமானது.

முதலில் வெங்கிடேஷைப் பேசக் கூப்பிட்டாள். அவர் மலையாளத்தில் தெளிவாகப் பேசினார். சந்தின் இருட்டு, குப்பை, சென்ற மழையில் வழுக்கி விழுந்த ஒரு கிழவி, விளக்கு வந்தால் பெண்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு, ஹோட்டலில் உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை. பாதியில் கூச்சல் எழுந்தது. "கேட்டைப் பத்தி சொல்லு!" என்று ஒருவன் கத்தினான். ஜமீலா எழுந்தே விட்டாள்.

"உக்காருங்க ஜமீலாத்தா" என்றாள் கற்பகம். "உங்க முறை வரும். அவரு பேசி முடிக்கட்டும். நாம கேக்காம வேண்டாம்னு சொன்னா, அவங்க கேக்காம கேட் போடறதுக்கும் நாம செய்யறதுக்கும் என்ன வித்தியாசம்?"

வெங்கிடேஷ் பேசி முடித்தார். ஒரு சாயாக்கடைக்காரர் எழுந்து, தனக்குச் சம்மதம் என்றார். "விளக்கு வருது, டூரிஸ்ட் வருது. கேட் இருந்தா என்ன, தொறந்துதான இருக்கும்." இன்னும் சிலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஜமீலாவின் முறை வந்தது. அவள் மைக்கை வாங்கவில்லை. அவளுக்கு அது தேவையுமில்லை. "வெளிச்சம் வேணும், வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா நான் வெடியறதுக்கு முன்னால கடவுல எறங்குறவ. அந்நேரம் பூட்டின கேட்டுக்கு முன்னால கூடையோட நின்னு செக்யூரிட்டிய எழுப்பணுமா? வேலியேற்றத்துல தண்ணி கேறும்போது நாங்க புள்ளைங்களத் தூக்கிட்டு வள்ளத்துல ஏறுறது அந்த வழியாத்தான். அப்பவும் பேர் எழுதிட்டுத்தான் ஓடணுமா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இதெல்லாம் நாடகம்! செல்வனுக்குப் பேசினது போதல, அதான் பெண்டாட்டிய விட்டு ஏலம் ஏத்துறான்!"

கூட்டம் திரும்பியது. கற்பகத்துக்குக் காது மடல் சுட்டது. "அப்படியும் இருக்கலாம்னு நீங்க நெனக்கலாம்" என்றாள். "எழுந்து நின்னு பேரச் சொல்லிக் கேளுங்க. எழுதிக்கறேன். ஒளிஞ்சிருந்து கேட்டா பதில் கெடையாது."

யாரும் எழவில்லை. ஆனால் சுவரோரம் நின்ற மாரிச்செல்வம் கையைத் தூக்கினான்.

அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "மாரிச்செல்வம், பேசலாம்."

"வேல எனக்குப் பேசினது உள்ளதுதான்" என்றான் அவன். "ஏலம் ஏத்தினேங்கிறது பொய். இந்த வார்டுல யார் வீட்டுத் தண்ணிய நான் எறைக்கல, சொல்லுங்க. ஒரு வேல செஞ்சு சம்பாதிக்கறது தப்பா? நான் யாரையும் ஏமாத்தல."

ஜமீலா அவன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் இப்போது தணிந்திருந்தது. "தண்ணி எறைச்சது உள்ளது சேட்டா. நான் மறக்கல. ஆனா நான் படி ஏறி வந்து கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

மாரிச்செல்வம் கதவைப் பார்த்து நடந்தான். அவன் போவதற்கு ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். கற்பகம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. மைக்கை விடவில்லை.

கை தூக்கச் சொன்னாள். கேட் வேண்டாம் என்றவர்களே மிக அதிகம். வேண்டும் என்றவர்களும் கணிசமாக இருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னாள். சந்துக்கு விளக்கும் குப்பைத் தொட்டியும் மாநகராட்சியே போட வேண்டும் என்று இன்னொரு தீர்மானம் எல்லோரும் ஒத்துக்கொண்டு நிறைவேறியது. அலுவலர் வாசித்துக் காட்டிய பிறகே அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஜோசி அடுத்த நாளே அவளைக் கட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். இந்த முறை சிரிக்கவில்லை.

"சேச்சி எந்தச் சின்னத்துல ஜெயிச்சது?"

"கட்சிச் சின்னத்துல."

"அப்ப கட்சி சொல்றதக் கேக்கணும். ஹோட்டல்காரங்க மேல எடத்துல பேசியிருக்காங்க. வார்டு சபை என்ன சொன்னாலும் கவுன்சில்ல வரும். விப் கொடுப்போம், இப்படித்தான் ஓட்டுப் போடணும்னு கட்சி உத்தரவு. சேச்சி கை தூக்கினாப் போதும், இது மறந்துடலாம்."

"கவுன்சில்லயும் என் வீட்டு விஷயத்தச் சொல்லிட்டு ஒதுங்கி நிக்கலாம்னுதான் நெனச்சேன்" என்றாள் கற்பகம். "அவரு நேத்தே அந்த வேல வேண்டாம்னு ஹோட்டல்ல சொல்லிட்டாரு. இனி எனக்கு ஒதுங்க வேண்டியதில்ல. வார்டு என்ன சொல்லுச்சோ அதுக்குத்தான் கை தூக்குவேன்."

"சின்னம் இல்லன்னா சேச்சிய யாருக்குத் தெரியும்?"

"இப்பத் தெரியும் ஜோசி சேட்டா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மாரிச்செல்வம் வேலையை விட்டது அவளுக்காக இல்லை. அதை அவனே சொன்னான். "அந்தக் கல்ல நான் பதிச்சா, ஆளுக அதுமேல நடக்குறப்ப எல்லாம் என்ன ஏசுவாங்க. அதுக்குத்தான் விட்டேன். உனக்காகன்னு நெனச்சுக்காத." அதன்பிறகு பல வாரம் வீட்டில் தேவையான சொற்கள் மட்டும்தான். உப்பு வேணும். சிலிண்டர் வந்துச்சு. அவன் அலுவலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவள் முதல்முறையாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபோது அது அவன் எடைக்குப் பழகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரி செய்தாள். ஒவ்வொரு காகிதத்தையும் வாசித்தாள். அதனால் வேலை தாமதமாகிறது என்று முதலில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். செல்வன் சேட்டன் போன் போட்டால் உடனே நடக்கும் என்றார்கள். அது உண்மையும்கூட.

கவுன்சில் கூட்டத்துக்கு முந்திய நாள் ஜோசி ஆள் அனுப்பி விப்பை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

கவுன்சிலில் உப்புக்கடவு வந்தபோது அவள் எழுந்து வார்டு சபை சொன்னதை அப்படியே சொன்னாள். அவள் கட்சி வரிசையிலிருந்தே "உக்காருடி" என்று ஒரு குரல் கேட்டது. அவள் உட்காரவில்லை. "இந்தச் சபையில என்னை அப்படிக் கூப்பிட்டது யாருன்னு குறிப்புல எழுதுங்க" என்றாள். ஓட்டெடுப்பில் அவள் கை எதிர்ப்பில் எழுந்தது. அதைப் பார்த்த அவள் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எந்தப் பக்கமும் கை தூக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட் போடும் தீர்மானம் தோற்றது.

கட்சி அவளை நீக்கியது. விப்பை மீறினாள் என்று பதவியைப் பறிக்கக் கோரி மாநிலத் தேர்தல் ஆணையத்தில் மனு கொடுத்தது. அலுவலகத்துக்குக் கட்சிதான் வாடகை கட்டி வந்தது. மருந்துக்கடைக்காரர் சங்கடத்தோடு காலி செய்யச் சொன்னார். சுமட்டுத் தொழிலாளர் சங்கத்து ஓய்வறையில் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துகொள்ள இடம் கிடைத்தது. ஹோட்டல், சந்து இல்லாமலே திறந்தது. திறப்பு விழாவுக்கு வெங்கிடேஷ் அவளுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார். அவள் போகவில்லை, வாழ்த்துச் சொல்லி போன் செய்தாள்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லட்டுமா?" என்றார் அவர். "இத்தனை வருஷத்துல என்னை முழுசாப் பேசவிட்டுட்டுத் தோக்கடிச்சது நீங்கள்தான்."

விசாரணைக்குத் திருவனந்தபுரம் போக வேண்டிய நாள் வந்தது. மாரிச்செல்வம் கேட்காமலே ஸ்கூட்டரை எடுத்து ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். இறங்கியதும் சொன்னான்: "அத்தன பேரு முன்னால என்னக் கீழ எறக்கினது தப்புன்னுதான் இப்பவும் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் அத்தான். காதுக்கிட்ட வந்துதான் மொதல்ல சொன்னேன்."

அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். "சாப்பிட்டுட்டு ஏறு" என்று சொல்லி வண்டியைத் திருப்பினான்.

ஆணைய வராந்தாவில் அவளுடைய வக்கீல் பாக்கியலக்ஷ்மி மெல்லிய குரலில் வழி சொன்னாள். விப்பை வாங்கிக்கொண்டதாக இவள் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. கிடைக்கவே இல்லை என்று சொன்னால் மனு நிற்காது. கவுன்சிலில் கை தூக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருவரும் அப்படிச் சொல்லித்தான் தப்பித்தார்கள். "ஒரே ஒரு வார்த்தை. பதவி தப்பிக்கும். பதவி இருந்தாத்தான மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்?"

கற்பகம் யோசித்தாள். பதவி போனால் அந்த ஓய்வறை நாற்காலியும் போய்விடும், அடுத்த கவுன்சிலர் வந்து கேட்டைப் போட்டாலும் போடலாம் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "கட்சியின் விப் உங்களுக்குக் கிடைத்ததா?"

பாக்கியலக்ஷ்மி அவளையே பார்த்தாள்.

"கெடச்சுது."

"வாசித்தீர்களா?"

"ரெண்டு தடவ."

"அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று புரிந்ததா?"

"நல்லாப் புரிஞ்சுது. ஊர் வழிய அடைக்கறதுக்குக் கை தூக்குன்னு இருந்துச்சு."

"புரிந்தும் எதிர்த்து வாக்களித்தீர்கள்?"

"ஆமா. நாளைக்குக் கொடுத்தாலும் அப்படித்தான் போடுவேன்" என்றாள் கற்பகம். "இதையும் எழுதிக்கிடுங்க சார்."